சேலத்து நிலம் நகர்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் கொஞ்ச தூரம் நடந்து, சாலைக்காக வெட்டிய பாறைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது என் வழக்கம். கூடவே அப்பா அம்மாக்களும் வருவார்கள். நடக்க நடக்கக் கேள்விகள் வரும். தரை எப்படி நகர்கிறது, வளைகிறது, அதை எப்படி அளக்கிறார்கள் என்பதைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சேலம் நகர்கிறது என்கிறீர்களே, உண்மையாகவா?

உண்மைதான். வருடத்துக்கு 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், வடகிழக்குப் பக்கமாக. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் ஜிபிஎஸ் நிலையம் ஒன்று 1990களிலிருந்து இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. அது காட்டும் வேகம் இது. சேலமும் பெங்களூரும் ஒரே நிலத்தட்டின் மேல், அதாவது பூமியின் பாறை ஓட்டின் ஒரே பெரிய துண்டின் மேல், உட்கார்ந்திருப்பதால் நம் ஊருக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

1802ல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைப் பக்கம் இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கினார். அன்றிலிருந்து இன்றுவரை பெருக்கிப் பாருங்கள். சுமார் 12 மீட்டர் வரும். ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்துக்குச் சேலம் மொத்தமாக நகர்ந்திருக்கிறது, அஞ்சு ரோடும் கோட்டை மாரியம்மன் கோயிலும் எல்லாமும் சேர்ந்து.

அப்படியென்றால் நமக்கு ஏன் தெரியவில்லை?

கோவை எக்ஸ்பிரஸில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருந்தால் வண்டி ஓடுவது தெரியாது. சன்னல் வழியே வெளியே பார்க்க வேண்டும். நிலத்துக்கு அந்த வெளியே என்பது செயற்கைக்கோள்களும், வானத்தின் வெகு தொலைவில் இருக்கும் ரேடியோ விண்பொருள்களும்தான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. நகர்வது வேறு, உருத்திரிவது வேறு. தட்டு முழுவதும் சேர்ந்து நகர்ந்தால் அதற்குள் இருக்கும் இரண்டு ஊருக்கு நடுவில் தூரம் மாறாது. தூரம் மாறினால்தான், கோணம் மாறினால்தான், நிலம் நசுங்குகிறது, இழுபடுகிறது, வளைகிறது என்று பொருள். பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்குத் திரிபு என்ற சொல் நினைவிருக்கும். ஒரு கிலோமீட்டர் நீளம் ஒரு மில்லிமீட்டர் மாறினால் திரிபு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தென்னிந்தியாவுக்குள் இருக்கும் நிலையங்கள் ஒன்றுக்கொன்று வருடத்துக்கு ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் விலகுவதில்லை. நாம் விறைப்பான பலகையின் மேல் இருக்கிறோம்.

அந்த 5 சென்டிமீட்டர் எங்கேதான் போய்ச் சேருகிறது?

வடக்கே போய் முட்டுகிறது. அதில் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் இமயமலையிலேயே அமுங்கிப் போகிறது. இன்னொரு பங்கு திபெத்திலும் அதற்கு அப்பாலும் பரவுகிறது.

இமயத்தின் அடியில் அந்த இரண்டு சென்டிமீட்டர் தினம் தினம் வழுக்கிப் போய்விட்டால் தொல்லையே இல்லை. ஆனால் இரண்டு பாறைப் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசும் பிளவு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள பாறை மெல்ல வளைகிறது. நூறு கிலோமீட்டர் அகலத்தில் 2 சென்டிமீட்டர் சுருக்கம் என்றால் கிலோமீட்டருக்கு 0.2 மில்லிமீட்டர். ஒரு வருடத்துக்கு இது ஒன்றுமே இல்லை. ஐந்நூறு வருடம் சேர்ந்தால் 10 மீட்டர். தாங்க முடியாத நாளில் பிளவு விட்டுக்கொடுக்கிறது, வளைந்த பாறை விடுபட்டு நிமிர்கிறது. 2015 ஏப்ரல் 25ல் நேபாளத்தில் நடந்தது அதுதான். 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹாரி ரீட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கண்டுசொன்னார். நிலநடுக்கத்துக்கு முந்தைய பல பத்தாண்டுகளில் அங்கே எடுத்த நில அளவைக் கணக்குகள் கையில் இருந்ததால்தான் அவரால் சொல்ல முடிந்தது.

என் போன் ஜிபிஎஸ் அடுத்த தெருவைக் காட்டுகிறது. இவர்கள் எப்படி மில்லிமீட்டர் அளக்கிறார்கள்?

நல்ல கேள்வி, எல்லா நடையிலும் வருகிறது. செயற்கைக்கோளும் அதே, அலையும் அதே. கேட்கும் விதம்தான் வேறு.

போன், அலையின் மேல் ஏற்றி அனுப்பும் நேரக்குறியைப் படிக்கிறது. அதில் சில மீட்டர் பிசகும். அளவை நிலையம் அந்த அலையையே எண்ணுகிறது. ஒரு அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். அந்த ஒரு அலைக்குள்ளும் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று நூறில் ஒரு பங்கு வரை பார்க்க முடியும். இரண்டு அலைவரிசைகளில் கேட்பதால் மேல் வளிமண்டலம் செய்யும் தாமதத்தைக் கழித்துவிடலாம். காற்றில் உள்ள ஈரம் செய்யும் தாமதத்தைக் கணக்கிலேயே தனியாகப் பிரித்தெடுக்க வேண்டும். நம் ஊர் ஐப்பசி மாதத்தில் அது படுத்தும் பாடு கொஞ்சமல்ல.

அப்புறம் பொறுமை. ஒரு நாள் முழுக்க எடுத்த அளவைச் சேர்த்து ஒரே ஒரு புள்ளி வைப்பார்கள். அடுத்த நாள் இன்னொரு புள்ளி. வருடக்கணக்கில் வைத்த புள்ளிகள் வழியாக ஒரு கோடு போட்டால் அதன் சாய்வுதான் வேகம். தனிப் புள்ளி சில மில்லிமீட்டர் முன்னே பின்னே துள்ளும். கோடு துள்ளாது.

ஆண்டெனாவை எங்கே நட்டிருக்கிறார்கள் என்பதும் முக்கியம். வீட்டு மொட்டை மாடியில் வைத்தால் வெயிலுக்கு மாடி உப்புவதைத்தான் அளப்பீர்கள். நல்ல நிலையத்தில் மண்ணைத் தோண்டி, கெட்டிப் பாறை வரும் வரை இறங்கி, அதில் கம்பி இறக்கித் தூண் எழுப்புவார்கள். இந்திய நில அளவைத் துறை இப்போது நாடு முழுக்க ஆயிரத்துக்கு மேல் தொடர் நிலையங்களை ஓட்டுகிறது. அவை முதலில் நிலப்படங்களுக்கும் சாலை, கால்வாய் வேலைகளுக்கும் வந்தவை. ஆனால் தூணைப் பாறையில் நட்ட இடத்தில் அந்தத் தரவு நில ஆய்வுக்கும் உதவும்.

செயற்கைக்கோளுக்கு முன்னால்?

முக்கோணம். ஒரு பக்கத்தை மட்டும் சங்கிலி போட்டு அளந்துவிட்டு, மற்றதெல்லாம் கோணம் பார்த்தே கணக்கிட்டார்கள். லாம்டன் பரங்கிமலை அருகே போட்ட அடிக்கோடு சுமார் 12 கிலோமீட்டர். கோணம் பார்க்கும் கருவியான அவருடைய பெரிய தியோடலைட் அரை டன் எடை. 1808ல் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தில் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி வட்டு நெளிந்துவிட்டது. நெளிந்த வட்டை அவரே வாரக்கணக்கில் தட்டித் தட்டி நிமிர்த்தினார்.

குமரியிலிருந்து வடக்கே அவர் இழுத்த பெரு வில் எனும் முக்கோணத் தொடர் ஏறக்குறைய 78வது தீர்க்கரேகையை ஒட்டிப் போனது. சேலம் நிற்பது அந்த ரேகைக்குப் பக்கத்தில்தான். அதனால் இந்தக் கதையை நம் ஊர்க் கதையாகவே நான் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

உயரத்துக்கு மட்டம் பார்ப்பது தனி வேலை. சேலம் ஜங்ஷன் மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண் கடற்கரையிலிருந்து அடி அடியாக, ஒரு மட்டக்கருவியையும் இரண்டு அளவுகோல் கட்டைகளையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்தது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மட்டம் கொண்டுபோவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் சுமார் 1,200 மீட்டர். ஒரு தடவை கருவியை நிறுத்தினால் இரண்டு மீட்டர் ஏறலாம், அவ்வளவுதான். அறுநூறு தடவை நிறுத்தி, மட்டக்குமிழி நடுவுக்கு வரும்வரை திருகி, படித்து, எழுத வேண்டும். பிறகு அதே வழியில் இறங்கிச் சரிபார்க்க வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவிலும்.

பழைய பெஞ்ச் மார்க் கல் ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது. அதற்கு இன்னும் பயன் உண்டா?

உண்டு. அளந்த உயரத்தைக் குறித்து வைக்க நட்ட கல் அது. தயவு செய்து அதைப் பெயர்க்க விடாதீர்கள்.

1897ல் அசாமில் மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்கு முன்னால் ஷில்லாங் மலைப்பக்கம் முக்கோண அளவைக்காக நட்ட குறிகள் இருந்தன. நிலநடுக்கத்துக்குப் பின் அவற்றைத் திரும்ப அளந்தார்கள். அந்தப் பழைய கோண ஏடுகளை நூறு வருடம் கழித்து எடுத்துக் கணக்குப் போட்டவர்கள், 2001ல், பீடபூமியின் வட விளிம்பு குறைந்தது 11 மீட்டர் மேலே தூக்கப்பட்டிருக்கிறது என்று காட்டினார்கள். அதுவரை அங்கே அப்படி ஒரு பிளவு புதைந்திருப்பதே தெரியாது. அந்தக் குறிகளை யாராவது படிக்கட்டுக்கு எடுத்துப் போயிருந்தால் இந்த அறிவு இல்லை.

சாலை அகலப்படுத்தும்போது எனக்குத் தெரிந்த ஒரு கல் போய்விட்டது. முகத்தில் ஒரு கிடைக்கோடும் அம்புக்குறியும் செதுக்கிய சாதாரணக் கருங்கல். கோட்டின் ஓரம் விரல் நுனிக்குக் கூர்மையாகத் தெரியும். அடுத்த வாரம் போனபோது அந்த இடத்தில் ஜல்லி கொட்டியிருந்தது. அந்தக் கல்லோடு அதன் உயரக் கணக்கின் தொடர்ச்சியும் அறுந்துவிட்டது. புதிதாக ஒன்று நட்டாலும் அது இன்றிலிருந்துதான் பேசும். உங்கள் தெருக் கல்லுக்கு ஆபத்து என்றால், வேலை தொடங்குமுன் ஒப்பந்தக்காரரிடம் சொல்லுங்கள், நில அளவைத் துறைக்கும் எழுதுங்கள்.

விண்வெளியிலிருந்தே படம் எடுத்து நிலம் வளைவதைப் பார்க்கலாமாமே?

பார்க்கலாம், ராடாரில். ஒரே இடத்தை இரண்டு தேதிகளில் ஒரே பாதையிலிருந்து படம் எடுத்து, திரும்பி வந்த அலைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், தரை செயற்கைக்கோளை நோக்கி எவ்வளவு வந்தது, விலகியது என்று வண்ண வளையங்களாகத் தெரியும். ஐரோப்பாவின் ராடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 அனுப்பும் அலையின் நீளம் 5.6 சென்டிமீட்டர். அலை போய்த் திரும்புவதால் ஒரு வளையம் என்பது அதில் பாதி, 2.8 சென்டிமீட்டர் அசைவு.

ஆனால் ஏற்காட்டில் இது திணறும். சில்வர் ஓக் நிழல், அதன் கீழ் காபிச் செடி, மிளகுக் கொடி. அந்தச் சின்ன அலை இலையில் பட்டே திரும்பிவிடும். பன்னிரண்டு நாள் கழித்து அதே இலை அதே இடத்தில் இருக்குமா? வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். சேலம் நகரக் கட்டடங்களும், இலையில்லாத பாறை முகடுகளும் நன்றாகப் பதியும். 2025 ஜூலை 30ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது, சுமார் 24 சென்டிமீட்டர் நீள அலையையும் பயன்படுத்துகிறது. நீள அலை இலைகளை ஊடுருவித் தரைவரை போகும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை மாதிரி மரம் அடர்ந்த இடங்களுக்கு இது பெரிய வரம். நான் ஆவலோடு எதிர்பார்க்கும் தரவு அது.

கடல் மாதிரி தரையும் ஏறி இறங்குமா?

ஏறி இறங்கும். நிலவும் சூரியனும் இழுப்பது கடலை மட்டுமல்ல. நம் அட்சரேகையில் அமாவாசை, பௌர்ணமி சமயம் தரை 30 சென்டிமீட்டருக்கும் மேல் உயர்ந்து தாழும், நாளுக்கு இரண்டு தடவை. ஒரு சாணுக்கு மேல்! மலையும் ஊரும் சேர்ந்தே ஏறுவதால் தெரிவதில்லை. ஜிபிஎஸ் கணக்கில் இதை முதலில் கழித்தாக வேண்டும். பாறை வெடிப்பில் நீர் அடைபட்டு நிற்கும் ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மட்டம் சில சென்டிமீட்டர் இதே தாளத்தில் ஆடுவதுண்டு. பாறை நசுங்கினால் வெடிப்பு சுருங்கும், தண்ணீர் ஏறும்.

மேட்டூர் அணை நிரம்பினால் தரை அமுங்குமா?

அமுங்கும். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. அதாவது சுமார் 264 கோடி கன மீட்டர், 264 கோடி டன் எடை. அது 150 சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் பரவி உட்காருகிறது. அடியில் இருக்கும் பாறையின் விறைப்பை வைத்துத் தாளில் கணக்குப் போட்டால், நீர்ப்பரப்பின் நடுவில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தாழ்வு வருகிறது. இது என் கணக்கு, அளந்த எண் அல்ல. நீர் வடிந்ததும் தரை பழைய இடத்துக்கே திரும்பும், ஸ்பிரிங் மாதிரி.

உடனே அடுத்த கேள்வி வரும்: அணையால் நிலநடுக்கம் வருமா? மகாராஷ்டிரத்தில் கொய்னா அணை நிரம்பத் தொடங்கிய பிறகு சிறு அதிர்வுகள் கூடின, 1967 டிசம்பரில் 6.3 அளவில் ஒன்று வந்தது. நீரின் எடையைவிட, வெடிப்புகளுக்குள் நீர் புகுந்து அழுத்துவதே பெரிய காரணம். எல்லா அணையும் அப்படி இல்லை. ஏற்கெனவே இறுகி நிற்கும் பிளவு அடியில் இருக்க வேண்டும். மேட்டூர் 1934லிருந்து நிரம்பி வடிகிறது, கொய்னா அளவுக்கு எதுவும் அங்கே நடந்ததில்லை.

அப்படியானால் சேலத்தில் நிலநடுக்கப் பயம் வேண்டாமா?

பயம் வேண்டாம், அசட்டை கூடாது. 2018 ஜூலையில் ஒரு ஞாயிறு காலை 3.3 அளவில் சேலம் மாவட்டம் லேசாக ஆடியது, பாத்திரங்கள் குலுங்கின. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் வந்தது. 2002 கட்டடத் தரநிலை வரைபடம் சேலத்தை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. அதாவது மிதமான ஆபத்து.

மகாராஷ்டிரத்து லாத்தூரை நினைத்துக்கொள்ளுங்கள். 1993 செப்டம்பர் 30 வரை அது ஆபத்து மிகக் குறைந்த முதல் மண்டலம். அன்று விடியுமுன் வந்த 6.2 அளவு அதிர்வில் பத்தாயிரம் பேர் வரை இறந்தார்கள். கெட்டியான பழைய நிலத்தில் திரிபு மிக மெதுவாகச் சேர்கிறது. நம் அளவைப் புள்ளிகள் வைக்க ஆரம்பித்தே முப்பது வருடம்தான். அவ்வளவு மெதுவான ஒன்றை இவ்வளவு சின்ன ஏட்டில் படிக்க இயலாது. அதனால்தான் தூணும் கல்லும் விடாமல் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீடு கட்டும்போது கான்கிரீட் பட்டைகளை நான்கு பக்கமும் இணைத்துப் போடச் சொல்லுங்கள்.

பழைய காலத்து உருத்திரிபை நம் மலையில் கண்ணால் பார்க்க முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் நடையே நடத்துகிறேன்.

முதலில் சாலையோரப் பாறை. மேலே பழுப்பாக, தோல் உரிந்தது மாதிரி இருக்கும். புதிதாக உடைந்த துண்டை எடுத்து ஈரமாக்கிப் பாருங்கள். கரும்பச்சை, எண்ணெய் தடவினாற்போல மினுக்கம், உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் கூட வெள்ளையாக இல்லாமல் நீலச் சாம்பலாக. இது சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல் இந்த வகை. அதை வைத்துத்தான் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் பெயர் வைத்தார். ஏறக்குறைய 250 கோடி வருடத்துக்கு முன், இருபது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேல் வெந்து உருவான பாறை. இன்று அதன் மேல் நின்று நாம் சுண்டல் சாப்பிடுகிறோம். இடையில் இருந்த அத்தனை கிலோமீட்டரும் தூக்கப்பட்டும் தேய்ந்தும் போயிருக்கிறது.

அடுத்தது கஞ்சமலை. இரும்புத் தாது பட்டை பட்டையாக மலையைச் சுற்றி ஓடுகிறது. ஒரு காலத்தில் கிடையாகப் படிந்த அடுக்குகள், பக்கவாட்டில் நெருக்கப்பட்டுத் தொட்டில் துணி மாதிரி நடுவில் தொய்ந்து மடிந்திருக்கின்றன. ஒரு துண்டுத் தாதுவில் கருப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். அதில் விரலகலத்தில் ஒரு மடிப்பு இருந்தால், மலையின் மடிப்பும் அதே சாயலில்தான் இருக்கும். காந்தத்தை வைத்தால் கருப்புப் பட்டையில் ஒட்டும். பிள்ளைகள் இதை விடவே மாட்டார்கள்.

மூன்றாவது, நகரின் வடக்கே வெள்ளைக்கல் வெட்டிய சாக் மலை. கரிய பாறையில் வெடிப்புகள் வலை போலப் பின்னியிருக்கும், ஒவ்வொரு வெடிப்பிலும் மேக்னசைட் வெள்ளையாக நிரம்பியிருக்கும். கஞ்சமலைப் பாறை சூடாக இருந்தபோது மடிந்தது. இது குளிர்ந்தபின் உடைந்தது. ஆழத்தில் பாறை வெல்லப்பாகு, மேலே வந்தால் கடலை மிட்டாய்.

ஏற்காடு மலை இன்னும் வளர்கிறதா? இது எரிமலையா?

எரிமலை இல்லை. இமயம் மாதிரி முட்டி எழும் மலையும் இல்லை. சுற்றியுள்ள பாறை தேய, கடினமானது நின்றது என்பதே இந்த மலை உருவத்தின் பெரும்பகுதி.

மழையில் மலைப்பாதை விரிசல் விடுகிறதே, அது?

அது சரிவின் மண் நகர்வது. மேல்தோல் விவகாரம். பாறை ஓட்டின் உருத்திரிபோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நீர் வடிய வழி செய்வதுதான் மருந்து.

நிலம் நகர்ந்தால் பட்டா எல்லை மாறுமா?

மாறாது, எல்லாக் கல்லும் சேர்ந்தே போகிறது. பழைய வரைபடத்துக்கும் போன் காட்டும் இடத்துக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதற்குக் காரணம் வேறு. பழைய படங்கள் லாம்டனுக்குப் பின் வந்த நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் வகுத்த பூமி வடிவத்தை வைத்து வரைந்தவை, போன் வேறு வடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறது.

வீட்டிலேயே எதையாவது அளக்க முடியுமா?

சுவர் விரிசலை அளக்கலாம். என் வீட்டு வடமேற்கு மூலையில் ஒன்று உண்டு. மெல்லிய கண்ணாடிப் பட்டை ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு ஓரமும் சிமெண்டால் பதித்து, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினேன். கண்ணாடி வளையாது, சுவர் அசைந்தால் உடையும். ஏழு மாதம் சும்மா இருந்தது. ஐப்பசி மழை நான்காம் நாள் நடுவில் நேராகக் கீறிவிட்டது. விசாரித்தால், அந்த மூலைக்கு அடியில் எப்போதோ தூர்த்த கிணறு இருக்கிறதாம். மண் இன்னும் இறுகிக்கொண்டிருக்கிறது.

இப்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு பித்தளை ஆணி அடித்து, வெர்னியர் காலிப்பரால் இடைவெளியை அளந்து எழுதுகிறேன். மாதம் ஒருமுறை, எப்போதும் காலை ஆறு மணிக்கு. மத்தியானம் அளந்தால் வெயிலுக்குச் சுவர் விரிந்து எண் மாறிவிடுகிறது. கடைசியாக எழுதியது 84.3 மில்லிமீட்டர். ஆறு மாதமாக அதில் மாற்றமில்லை.